நூற்று நாற்பது அடி

1

என் மடிக்கணினியின் கேமரா மேல் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டு இருக்கிறது. மனைவி கவிதாவின் அட்டையிலிருந்து எடுத்து ஒட்டியது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் அதை எங்கள் ஊர்ச் சடங்கு என்று நினைத்து நெடுநாள் கேட்கவே தயங்கினார். ஒருநாள் கேட்டார். கேமரா வழியாக யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றேன். "உன்னைப் பார்த்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?" என்றார். ஆனாலும் பொட்டை எடுக்கவில்லை.

நான் சந்தேகப் பிராணி. பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கரை வீட்டுக்குள் விடவில்லை. மகள் இனியா பிறந்தநாளுக்குக் கேட்ட கைக்கடிகாரத்தை, அவள் எங்கே நிற்கிறாள் என்பதை அது யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கும் என்று வாங்கித் தரவில்லை. நாம் சமையலறையில் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறது என்று கவிதாவிடம் நிரூபிப்பதற்காக, ஒரு மாலை முழுக்க இரும்பு வாணலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் வாணலி விளம்பரம் வந்தது. கவிதா அந்த வாணலியை வாங்கிவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது.

என் பிழைப்பும் அதுதான். மென்பொருளை வெளியே விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பவன். நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வயது என்று கேட்கும் கட்டத்தில் இருநூறு என்று போட்டுப் பார்ப்பேன். 'நன்றி, உங்கள் பதிவு முடிந்தது' என்று வந்தால், அந்தப் பக்கத்தில் யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். இதைத் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எல்லைக்கு வெளியே ஓர் எண்ணைக் கொடு, விழுங்குகிறதா பார்.

நெதர்லாந்துக்கு வந்து பத்து வருடம் முடிந்த அன்று, நான் கேட்காமலே என் போன் ஒரு படம் தயாரித்துக் கொடுத்தது. பத்து வருடப் புகைப்படங்களை அதுவே பொறுக்கி, பின்னால் பியானோ ஓடவிட்டு, 'உங்கள் பயணம்' என்று பெயரும் வைத்திருந்தது. இனியாவின் முதல் சைக்கிள் இருந்தது. நாங்கள் ஒரே ஒரு முறை போன காற்றாலை இருந்தது. கடையில் விலை ஒப்பிடுவதற்காக நான் எடுத்து வைத்த சலவைத்தூள் பெட்டிகூட இருந்தது. அப்பா ஒரு படத்திலும் இல்லை. அதற்குப் போனைக் குறை சொல்ல முடியாது. அப்பா எனக்குப் படம் அனுப்புவதில்லை. எண் மட்டும்தான் அனுப்புவார்.

2

அந்த எண்ணுக்கு வருமுன் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பெயரும் ஓர் எழுத்தும்தான். நான் க. செந்தில்குமார். இங்கே வந்திறங்கிய வாரம் நகராட்சி அலுவலகத்தில் இருந்த பெண் என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'க' என்றால் என்ன என்று கேட்டார். என் அப்பா கந்தசாமி என்றேன். அப்படியானால் கந்தசாமிதான் உன் குடும்பப் பெயர் என்று தட்டச்சு செய்துவிட்டார். இல்லை, அது அப்பாவுடைய பெயர், என்னுடையது அல்ல என்றேன். "எல்லாருக்கும் அது அப்பாவுடைய பெயர்தானே" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் கந்தசாமி. வரி அலுவலகம், பல் டாக்டர், தண்ணீர்க் கட்டணம், எல்லாக் கடிதமும் கந்தசாமிக்குத்தான் வரும். கவிதா கந்தசாமியின் மனைவி. இனியாவை வகுப்பில் இனியா கந்தசாமி என்று கூப்பிடும்போது, அவள் தாத்தாவையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் நாமே பொருளை ஸ்கேன் செய்து வெளியே வரும் வசதி இருக்கிறது. சில பேரை மட்டும் இயந்திரம் நிறுத்தி, பையைச் சோதிக்கச் சொல்லும். சும்மா குலுக்கல் முறையில்தான் என்பார்கள். அந்தக் குலுக்கலில் கந்தசாமி விழுவதுபோல் வேறு யாரும் விழுவதில்லை என்பது என் சந்தேகம். ஒரு மாதம் குறிப்பு எழுதி வைத்தேன். கவிதா அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இங்க எதுலதாங்க நம்பிக்கை?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். காலையில் வரும் அந்த எண்ணில்தான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

3

குமாரபாளையத்துக்கு வடக்கே, மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். அந்தப் பக்கத்தில் இரண்டு விவசாயிகள் எதிரெதிரே வந்தால் முதலில் கேட்டுக்கொள்வது உடம்பையோ பிள்ளைகளையோ அல்ல. "அணை எத்தனைங்க?" என்பார்கள். "தொண்ணூத்தி ரெண்டுங்க" என்று பதில் வரும். அப்புறம்தான் மற்றது. அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை வைத்துத்தான் வாய்க்கால் திறப்பார்களா, நாற்று விடலாமா, மஞ்சளோடு நிறுத்திக்கொள்வதா என்பதெல்லாம். நூற்று இருபது அடி வந்தால் அணை நிரம்பியது. பெயர் சொல்லப் பழகுவதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நூற்று இருபது தெரிந்துவிடும். அதற்கு மேல் ஓர் எண் கிடையாது.

நான் இங்கே வந்த வருடத்திலிருந்து அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு அனுப்புகிறார். 'மேட்டூர் 97' என்று வரும். அவ்வளவுதான். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அம்மா இருந்தபோது போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா, குழந்தைக்குச் சளி எப்படி என்றெல்லாம் கேட்பாள். அவள் போன பிறகு எண் மட்டும் மிஞ்சியது.

அப்பாவும் லேசில் எதையும் நம்புகிறவர் அல்ல. வாய்க்கால் விவசாயிகள் குழு ஒன்று போனில் இருக்கிறது. ஒரு வருடம் அதில் யாரோ வாய்க்கால் திறந்துவிட்டார்கள் என்று பழைய வீடியோவைப் போட்டுவிட, அதை நம்பி இரண்டு பேர் நாற்று விட்டுக் கருகவிட்டார்கள். அதிலிருந்து அப்பா குழுவில் வரும் எண்ணை வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவார். பேப்பரிலும் அதே எண் இருந்தால்தான் எனக்கு அனுப்புவார். எனக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் தப்பான எண்ணை மகனுக்கு அனுப்பமாட்டார்.

அனுப்பிவிட்டு என் பதிலுக்குக் காத்திருப்பார். அதுதான் சிக்கல். அங்கே காலை ஆறு மணி என்றால் இங்கே நான் அடித்துப் போட்டதுபோல் தூங்கும் நேரம். நான் எழுந்து, இனியாவைக் கிளப்பி, ரயிலேறி, பதில் போடுவதற்குள் அங்கே மத்தியானம் ஆகிவிடும். வயலில் சிக்னல் கிடைக்காது என்பதால், பதில் வருகிறவரை அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் தெரிந்தது. "நீ பாத்துட்டன்னு தெரிஞ்சாத்தான் சாமி காட்டுக்குப் போவ மனசு வரும்" என்றார். வயலைக் காடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, அப்பாவுக்குப் பதில் அனுப்ப ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினேன். அவருடைய எண் வந்ததும் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் அது பதில் போடும். நேற்றைவிட எண் கூடியிருந்தால் 'சந்தோசமுங்கப்பா'. குறைந்திருந்தால் 'பாத்துக்கலாமுங்கப்பா'. அப்படியே நின்றால் 'சரிங்கப்பா'. ஒன்றேபோல் இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மாற்றுகள் எழுதி வைத்தேன். சிலதில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழையும் விட்டேன். நான் பிழையோடுதான் எழுதுவேன் என்று அப்பாவுக்குத் தெரியும்.

கவிதாவிடம் சொல்லவில்லை. அவர் நிம்மதியாகக் காட்டுக்குப் போகட்டும் என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் ஒரு மாதம் காலையில் எழுந்ததும் எண்ணையும் பதிலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

4

பத்து வருடம் முடிந்த அதே வாரம் இனியா பள்ளியிலிருந்து ஒரு வேலையோடு வந்தாள். உங்கள் குடும்பத்தில் யாராவது தினமும் எதையாவது அளந்தால், அதை வரைபடமாகப் போட்டுக்கொண்டு வரவேண்டும். மற்ற பிள்ளைகள் மழை அளவு, பாட்டியின் ரத்த அழுத்தம், நாய் நடந்த தூரம் என்று எடுத்திருந்தார்கள்.

"தாத்தா தண்ணி அனுப்புறாரே, அதைக் கொடு" என்றாள். எங்கள் பக்கம் அப்பாவை 'நீங்க' என்போம். இங்கே ஆசிரியரையே 'நீ' என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அது அவள் தமிழுக்குள்ளும் வந்துவிட்டது. கவிதா திருத்தித் திருத்திக் களைத்துவிட்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மேட்டூர் அணை, காவிரி, எங்கள் வாய்க்கால் எல்லாம் சொன்னேன். மேலே ஒரு சிவப்புக் கோடு போடு, அது நூற்று இருபது, அணைக்கு அதுதான் உச்சி என்றேன். ஒன்றரை வருடச் செய்திகளையும் ஒரு கோப்பில் இறக்கிக் கொடுத்தேன். அப்பாவின் எண்கள், கீழே என் பதில்கள். பதில்களை நீக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அரை மணி கழித்து வந்தாள். கோடு அழகாக ஏறி இறங்கிக்கொண்டு போனது. ஆனால் மூன்று இடத்தில் சிவப்புக் கோட்டுக்கு மேலே முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. நூற்று இருபத்தைந்து. சில வாரம் கழித்து நூற்று முப்பத்தொன்று. தை மாதத்தில் ஒரு நாள் நூற்று நாற்பது.

"இதுக்கு மேல போகாதுன்னு சொன்ன" என்றாள்.

"தாத்தா தப்பா அடிச்சிருப்பாரு."

"அப்ப நீ ஏன் 'ரொம்ப சந்தோசமுங்கப்பா'ன்னு போட்டிருக்க?"

அவளுடைய விரல் நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்த பதிலில் இருந்தது. மூன்று இடத்திலும் அப்படித்தான். எண் கூடியிருக்கிறது, ஆகவே சந்தோசம். மறுநாள் உண்மையான எண்ணுக்கு இறங்கியதும் 'பாத்துக்கலாமுங்கப்பா'. ஊருக்கெல்லாம் எல்லை சோதித்துக் கொடுப்பவன், என் நிரலில் நூற்று இருபதுக்கு மேல் வந்தால் நிறுத்து என்று ஒரு வரி எழுதவில்லை.

"தூக்கத்துல பார்த்திருப்பேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் மற்றவர்களைப் பார்ப்பது அது.

5

இரண்டு இடத்தில் சரிபார்த்து அனுப்புகிற மனிதர் மூன்று முறை தப்பாக அனுப்பினால் என்ன அர்த்தம்? எனக்கு உடனே தோன்றியது அவருடைய நினைவைப் பற்றித்தான். எழுபத்து மூன்று வயது. தனியாக இருக்கிறார். நூற்று இருபதையே மறந்துவிட்டார் என்றால் அடுப்பை அணைப்பதை மறக்க எத்தனை நாள் ஆகும் என்று பயந்தேன். அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. ஞாபக மறதியின் ஆரம்ப அறிகுறிகள் என்று தேடினேன். அரை மணியில் என் போன் முதியோர் இல்லங்களின் விளம்பரத்தைக் காட்ட ஆரம்பித்தது. அதையும் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன். அப்பா எப்போதும் போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். பேச்சோடு பேச்சாக, இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், போன வருடம் மஞ்சள் எத்தனை மூட்டை என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"ஏஞ்சாமி, எனக்குப் பரீட்சை வெக்கிறயா?"

"இல்லீங்கப்பா. சும்மாதாங்க கேட்டேன்."

"செரி செரி. கேட்டுக்க. நல்லாத் தூங்கறயா நீ?"

தூங்குகிறேன் என்றேன். "செரி சாமி" என்று வைத்துவிட்டார்.

தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை. அவர் போனை வேறு யாராவது எடுக்கிறார்களா என்றுதான் அடுத்ததாகச் சந்தேகப்பட்டேன். அதனால் காதர் மாமாவுக்குப் போன் செய்தேன்.

6

காதர் மாமாவுக்குக் குமாரபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. எங்கள் கிணற்று மோட்டார் எரிந்து போகும்போதெல்லாம் அப்பா அங்கேதான் கொண்டுபோவார். முப்பது வருடப் பழக்கம். அப்பா அவரை பாய் என்பார், அவர் அப்பாவைக் கவுண்டர் என்பார். எனக்கு அவர் மாமா.

பின்னால் பக்கத்துப் பட்டறையின் தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஞாபகம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கவுண்டருக்கா? பதினஞ்சு வருசத்துக்கு முன்னால எந்த மோட்டருக்கு எந்தக் கம்பி போட்டன்னு எனக்கே சொல்லுவாரு. ஏன் மாப்ளே?"

மூன்று எண்களையும் சொன்னேன். தறிச் சத்தம் குறைந்தது. கடைக்கு வெளியே வந்துவிட்டார் போல.

"இப்பத்தான் பாத்தியா?" என்றார்.

ஆமாங்க மாமா என்றேன்.

"மாப்ளே, நான் சொன்னேன்னு சொல்லிப்போடாத. உங்கப்பன் ஊட்டுச் செவுத்துல ரெண்டு கடியாரம் மாட்டியிருக்காரு, தெரியுமா உனக்கு? ஒண்ணு நம்ம மணி. இன்னொண்ணு உங்கூர் மணி. நீ போன தடவ வந்துட்டுப் போனதுக்கப்புறம் எங்கடையில வந்து செல்லுப் போட்டு, மணி வெச்சுக் குடுங்க பாய்ன்னு வாங்கிட்டுப் போனாரு. பையன் ஆபீசுல இருக்கற நேரத்துல கூப்புட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதாமா."

ஆறு மணிக்கு அவர் அனுப்புகிறார். பத்து நிமிடத்தில் பதில் போகிறது. அவர் தலையைத் தூக்கி இரண்டாவது கடிகாரத்தைப் பார்க்கிறார். அதில் இங்கே எல்லாரும் தூங்குகிற நேரம். ஒருநாள் அல்ல, தினமும்.

"ஆரம்பத்துல ரொம்ப வெசனப்பட்டாரு. பய தூங்கறதே இல்ல பாய், வேலையில ஏதோ சங்கட்டம் போலிருக்குது, சொல்லமாட்டீங்கறான்னு எங்கிட்ட வந்து உக்காந்துக்குவாரு. நாலஞ்சு மாசம் இதே பேச்சு. அப்பறம் ஒருநாள் வந்து, பாய், இது எம்பையன் இல்லைன்னு நெனைக்கறேன், நூத்தி இருவத்தஞ்சுன்னு போட்டேன், சந்தோசமுங்கப்பான்னு வருதுன்னாரு. நான் நம்பல. இன்னொருக்காப் போட்டுப் பாருங்கன்னேன்."

நூற்று முப்பத்தொன்று மாமா சொல்லி அனுப்பியது. நூற்று நாற்பதைப் பற்றி அவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

தை மாதம் அப்பாவுக்கு இரண்டு நாள் நெஞ்சில் ஏதோ அழுத்தியிருக்கிறது. மாமாதான் ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கவேண்டும், மகனைக் கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்.

"நூத்தி நாப்பதுன்னு போடறேன் பாய். இத அவன் பாத்தான்னா கட்டாயம் கூப்புடுவான். கூப்புட்டா எல்லாத்தையுஞ் சொல்லிப்போடறேன். கூப்புடலைன்னா வேண்டாம், அவனுக்கு நேரமில்ல, நாமளே பாத்துக்கலாம்ன்னாரு. போட்டாரு. பதில் வந்துச்சு. எனக்குக் காமிச்சாரு."

ரொம்ப சந்தோசமுங்கப்பா.

"யாரு மாமா கையெழுத்துப் போட்டது?"

"நாந்தான். நண்பர்ன்னா ஒத்துக்கமாட்டோம், சொந்தம் யாராச்சும் வேணும்ன்னாங்க. தம்பின்னு எழுதிப் போட்டேன். பாரம் வாங்குன நர்சுப் பிள்ளை கந்தசாமிங்கறதையும் காதர்மைதீன்ங்கறதையும் ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்துச்சு. ஒண்ணும் சொல்லல."

இந்த நாட்டில் எல்லாக் காகிதத்திலும் நான்தான் கந்தசாமி. கந்தசாமிக்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்ட அன்று நான் ரயிலில் உட்கார்ந்து, என் போனுக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று சரிபார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த வார ஞாயிறு அவர் எடுக்கவில்லை. பிறகு கேட்டபோது டவர் இல்லை என்றார். ஊரில் எந்தக் கம்பெனி விளம்பரத்தையும் நம்பாத நான் அதை அப்படியே நம்பினேன்.

7

நிரலை அழித்தேன். கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு அப்பப்ப 'சாப்டியா'ன்னு மெசேஜ் போடறீங்களே," என்றாள், "அது நீங்கதானே?" நான்தான் என்றேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். காதர் மாமா பெயரைச் சொல்லாமல் பேசுவது எப்படி என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"பாய் சொல்லிப்போட்டாரா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"அவரு வாயில எதுவும் நிக்காது."

"அப்பா, அந்தப் பதிலெல்லாம் நான் போடலீங்க. நான் எழுதி வெச்ச மெசினு போட்டதுங்க."

"தெரியுஞ்சாமி."

"நீங்க காத்துட்டு உக்காந்திருக்கீங்கன்னுதாங்க..."

"தெரியுஞ்சாமி" என்றார் மறுபடியும். "நீ தூங்காம இருக்கறயோன்னு இருந்துச்சு. மெசினுன்னு தெரிஞ்சதும் ஒரு வெதத்துல நிம்மதியாப் போச்சு. அட, பய தூங்கறான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டிருப்பார். கேட்காததுபோல் அணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் வரத்து கூடியிருக்கிறதாம், இந்த வருடம் வாய்க்கால் நேரத்துக்குத் திறந்துவிடுவார்களாம்.

"மெசினுன்னு தெரிஞ்சப்பறம் எதுக்குங்கப்பா தினமும் அனுப்பிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"என்னைக்காச்சும் நீ பாப்பீல்ல" என்றார்.

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். எதுக்கு என்றார். வீட்டைப் பார்க்கவேண்டும் என்றேன். நெற்றி விலகியது. சுவர் தெரிந்தது. அம்மா படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடிகாரம். இடது பக்கத்துக் கடிகாரத்துக்குக் கீழே இனியாவின் பள்ளிப் படம் ஒட்டியிருந்தது. அதில் மணி ஒரு மணி நேரம் பிந்திக் காட்டியது. இங்கே கோடை வந்ததும் மணியை முன்னால் தள்ளிவைப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். "மணியக் கூடவா மாத்துவாங்க?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டு, நாற்காலி போட்டு ஏறப் போனார். பாயை விட்டு மாற்றச் சொல்லுங்கள், நீங்கள் ஏறாதீர்கள் என்று கெஞ்சினேன்.

8

இப்போது நானே பதில் போடுகிறேன். எழுந்ததும் முதல் வேலை அதுதான். மேட்டூர் நிலவரத்தை இரண்டு இடத்தில் பார்த்து, அப்பா அனுப்பியதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். ஒன்றரை வருடமாகத் தெரியாத விஷயங்கள் தெரிகின்றன. கர்நாடகத்தில் மழை என்றால் எத்தனை நாளில் அணைக்கு வரும், எத்தனை அடிக்கு மேல் இருந்தால் வாய்க்காலை நம்பி நாற்று விடலாம் என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. கடல் மட்டத்துக்குக் கீழே வீடு கட்டிக்கொண்டு, எத்தனை அடி என்று ஒரு நாளும் விசாரிக்காத ஜனங்கள் இவர்கள்.

பதில் நீளமாகவே எழுதுகிறேன். இங்கே மழை என்றும், இனியா வரைபடத்தில் அந்த மூன்று முள்ளையும் நீக்காமல் அப்படியே கொடுத்துவிட்டாள் என்றும் எழுதினேன். அதைப் பற்றி ஆசிரியர் கேட்டதற்கு, நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தவள், "தாத்தா அப்பாவைச் சோதிச்சார்" என்று சொன்னாளாம். அப்பாவிடமிருந்து இதற்கெல்லாம் ஒரு பதிலும் இல்லை. மறுநாள் எண் மட்டும் வரும்.

போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து போனை எடுத்தேன்.

மேட்டூர் 140.

பல் துலக்கவில்லை. செருப்புகூட மாட்டாமல் பால்கனிக்குப் போய்க் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அப்பா, ஒடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. நல்லாத்தான் இருக்கறேன்."

"அப்பறம் எதுக்குங்க நூத்தி நாப்பதுன்னு?"

"சும்மா பாத்தேன். நீ போயி வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

நான் நம்பவில்லை. டவர் இல்லை என்று சொன்ன மனிதர் இவர். உடனே காதர் மாமாவைக் கூப்பிட்டேன். அப்பா எங்கே இருக்கிறார், ஆஸ்பத்திரியா, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"ஆஸ்பத்திரி எதுக்கு? எங்கடையிலதான் உக்காந்திருக்காரு, இந்தா எதுக்காலயே" என்றார் மாமா. "காலையில கடை தொறந்ததுலிருந்து போனக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்காரு. டீ வாங்கிக் குடுத்தேன், அதுகூட ஆறிப்போச்சு."

தறிச் சத்தத்துக்கு நடுவே அப்பா ஏதோ சொல்வது கேட்டது. போனை வையுங்கள் என்றிருப்பார். மாமா வைக்கவில்லை.

"கட்டாயம் கூப்புடுவான்னுதான் நான் சொன்னேன் மாப்ளே," என்றார். "அவருதான் நம்பல."